ஆபிதாவின் வலது கை

ஷௌகத் அலி அந்தப் பியானோவை ஆசைப்பட்டு வாங்கவில்லை. குன்னூரை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரின் பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டார்கள். தேக்கு அலமாரியும் சாப்பாட்டு மேசையும் வேண்டுமென்றால் பியானோவையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் எடுத்தார். அது அவர் வீட்டு முன்னறையில் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது. குன்னூர் கீழ் பஜாரில் டீத்தூள் மொத்த வியாபாரம் அவருக்கு. தூள் மாதிரிகள் நிரப்பிய தகர டப்பாக்களை வைக்க இடமில்லாமல் பியானோவின் தலைமேல் அடுக்கினார். பல மாதங்களுக்கு அந்த வீட்டில் அது ஒரு அலமாரிதான்.

மூடியைத் திறந்தவள் அவருடைய மூத்த மகள் ஆபிதா. சமையலறையில் பாத்திரம் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, அதே சத்தத்தைக் கட்டைகளில் தேடுவாள். கிடைக்கும்வரை விடமாட்டாள். டப்பாக்கள் அதிர்ந்து தூள் சிந்துகிறது என்று அம்மா திட்டினாள். ஷௌகத் அலி டப்பாக்களை எடுத்துக் கடைக்கே கொண்டுபோய்விட்டார்.

அவள் படித்த கான்வென்ட்டில் ஒரு ஐரிஷ் கன்னியாஸ்திரி பியானோ சொல்லிக்கொடுத்தார். வருஷத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து தேர்வு எடுக்க ஒருவர் மலைக்கு வருவார். பதினாறாவது வயதில் ஆபிதா வாசித்ததைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அடுத்த வருஷம் லண்டன் இசைக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் வந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வருகையில் பெரியவர்கள் இரண்டு பேர் ஷௌகத் அலியைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா, அதுவும் இதற்கா என்று கேட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஏலத்துல வாங்குன சாமானுங்க. என்னமோ அவளுக்குன்னே வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

ஆபிதா பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. ஆனால் தன் தொழிலில் நல்ல பெயர் எடுத்தாள். இத்தாலியில் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். அதைக் கேட்டிருந்த மார்கரெட் என்ற பெண்மணி அவளுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்டாக வந்து சேர்ந்தாள். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து மண்டபங்கள், நார்வேயில் மீன்பிடி ஊர்கள், போலந்து, வானொலி என்று வருஷம் போயிற்று. ஒருமுறை பெர்லினில், வாசிக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, காலையில் கூப்பிட்டு மாலையில் மேடையேற்றினார்கள். மறுநாள் பத்திரிகைகள் அவள் பெயரைத் தப்புத் தப்பாக எழுதின. ஆனால் வாசிப்பைப் பற்றி எழுதியதில் தப்பில்லை.

வயலின்காரருக்குத் தன் வயலினைக் கையோடு கொண்டுபோக முடியும். பியானோக்காரிக்கு ஒவ்வொரு ஊரிலும் வேறொரு பியானோ. மதியம் போய் இறங்கி, மாலைக்குள் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கட்டை கனம், எது சீக்கிரம் அடங்கும் என்று தட்டித் தட்டிப் பார்ப்பாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். பிறகு அவள் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து கலைந்தது. கையைக் காப்பாற்றும் பழக்கம் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பெட்டியை இடது கையால்தான் தூக்குவாள். கூர்மையான கத்தியைத் தொடமாட்டாள்.

அம்மா இறந்தபோது அவள் நார்வேயில் இருந்தாள். பனியில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"அன்னிக்கு வாசிச்சியாம்மா?" என்று கேட்டார் ஷௌகத் அலி.

"வாசிச்சேங்கத்தா. ப்ளேன் இல்லைன்னு ஆனதுக்கப்புறம் வாசிச்சேன்."

அவர் தலையாட்டினார். 

முப்பத்தாறு வயதில் விரல் மாறியது. ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூரில் ஒத்திகை. வலது கை வேகமாக மேலேறும் ஓர் இடத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டன. எதையோ பிடித்துக்கொள்வது போல. குளிர் என்று நினைத்தாள். கையைத் தேய்த்துவிட்டு மறுபடி வாசித்தாள். மறுபடி மடங்கின. அன்றைக்கு அந்த இடத்தை எப்படியோ தாண்டிவிட்டாள். லண்டனுக்குத் திரும்பிச் சாதகத்தை இரண்டு மடங்காக்கினாள். எவ்வளவு உழைத்தாளோ அவ்வளவுக்கு விரல்கள் கெட்டன. அந்த இரண்டு விரலுக்கு வேலை குறைவாக உள்ள உருப்படிகளாகத் தேடினாள். வலது கையின் சுரங்களை இடது கைக்கு மாற்றினாள். ஒரு விமரிசகர் அவளுடைய வாசிப்பில் புதிதாக ஒரு ஜாக்கிரதை தெரிகிறது என்று எழுதினார். பாராட்டாகத்தான் எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

லண்டன் டாக்டர் அவளைப் பெயர் எழுதச் சொன்னார். எழுதினாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். கோத்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு அறையின் மூலையில் இருந்த சின்னக் கீபோர்டுக்கு அழைத்துப்போனார். கட்டைமேல் வைத்ததும் விரல்கள் மடங்கின.

கையில் கோளாறு எதுவும் இல்லை என்றார் அவர். சிறு வயதிலிருந்து லட்சக்கணக்கான முறை ஒரே வேலையைச் செய்ததில், அந்த விரல்களுக்கென்று மூளையில் இருக்கும் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். விரல் மடங்குவது நின்றது, பலமும் போயிற்று. ஊசியின் வேகம் தீர்ந்ததும் பழையபடி மடங்கியது. "கொஞ்ச காலம் விட்டுப் பாருங்கள். சிலருக்குத் திரும்பி வந்திருக்கிறது. பலருக்கு வருவதில்லை" என்றார். மார்கரெட்டிடம் ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆபிதா ஊருக்குக் கிளம்பினாள். அது இரண்டாயிரமாவது ஆண்டு. மலையில் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம்.

தம்பி உவைஸ் கோயமுத்தூருக்கு ஜீப் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அப்பாவின் வியாபாரத்தை வளர்த்துக் கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி வைத்திருந்தான். சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்களின் பச்சை இலையை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவான். மேலே ஏறும்போது ஆபிதா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். இடுப்புயரத்தில் சீவிவிட்டது போல இருக்க வேண்டிய தேயிலைச் செடிகள் பல இடங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன.

"என்னடா, செடியெல்லாம் இப்பிடி மரமாட்டம் நிக்குது?"

"பறிக்கற கூலிக்குக் கூட இலை போகறதில்லக்கா. அப்பிடியே உட்டுட்டாங்க."

"ஏன் அப்பிடி ஆச்சு?"

"ரஷ்யாக்காரன் வாங்கிட்டிருந்தான். எந்தத் தூளுன்னாலும் போச்சு. இப்ப அவனும் வாங்கறதில்ல. வெளியிலிருந்து வேற தூள் வருதுங்கறாங்க. ஆளுக்கொண்ணு சொல்றாங்க. போன வருஷம் தோட்டக்காரங்க ரோட்டை மறிச்சு உக்காந்தாங்க. நானும் போயி உக்காந்தேன். யாரை எதுத்து உக்காந்தோம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

ஓய்வுக்கு வந்திருக்கிறேன் என்றுதான் அவள் வீட்டில் சொன்னாள். உவைஸின் மனைவி அஃப்ரீனுக்கு நாத்தனார் சமையலறைக்குள் வந்ததே ஆச்சரியமாக இருந்தது. ஆபிதா மாவு பிசைந்தாள், பட்டாணி உரித்தாள், சிறு வயதிலிருந்து தொடாத கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கினாள். பியானோ பக்கம் போகவில்லை. அஃப்ரீன் அதைக் கவனித்தாள். கேட்கலாமா என்று தெரியாமல் கேட்காமலே இருந்தாள்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் இரண்டு எஸ்டேட்டுகளை மூடிவிட்டார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலேயே, அந்த வரிசை வீடுகளுக்குள்ளேயே, முடங்கிக் கிடந்தன. சம்பளமும் இல்லை, எஸ்டேட் அரிசியும் இல்லை. விறகு பொறுக்கி விற்றும், காட்டில் கிழங்கு தோண்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அரிசி சேர்த்துக் கொடுக்கும் வேலையை மெட்டில்டா எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். ஆபிதாவோடு கான்வென்ட்டில் படித்தவள், இப்போது ஒரு பள்ளியில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாள். ஆபிதா ஊரில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஃபேக்டரிக்குப் போய் உவைஸைப் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிடும்போது உவைஸ் சொன்னான். "மெட்டில்டா டீச்சர் வந்திருந்தாங்க. ஸ்கூல் ஹால்ல உன் கச்சேரி வெக்கறாங்களாம். வர்றதையெல்லாம் அந்தச் சனங்களுக்கு அரிசியாக் குடுக்கறதுக்கு. சரின்னு சொல்லிட்டேன்."

ஆபிதாவின் கை தட்டில் நின்றது. "என்னைக் கேக்காமயா?"

"கேக்கறதுக்கு என்னக்கா இருக்குது? நீ வாசிக்கறவதானே."

"என்னால வாசிக்க முடியாது உவைஸ்."

அப்போதுதான் சொன்னாள். அஃப்ரீன் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு நின்றாள். ஷௌகத் அலி அப்போது கடையில் இருந்தார். உவைஸ் அக்காவின் கையையே பார்த்தான். சோறு பிசைந்த விரல்கள்.

"கையி நல்லாத்தானே இருக்குது."

"நல்லாத்தான் இருக்குது. கட்டைமேல வெச்சாத்தான்."

அவன் நம்புவதாகத் தெரியவில்லை. அவள் எழுந்து கை கழுவிவிட்டு முன்னறைக்குப் போய் மூடியைத் திறந்தாள். மலைக் குளிரில் அந்தப் பியானோவின் சுருதி இறங்கிக் கிடந்தது. எளிதான ஒன்றை ஆரம்பித்தாள். விரல்கள் மடங்கின. கையை எடுத்தாள், நீட்டிக் காட்டினாள், விரல்கள் நேராக நின்றன. மறுபடி வைத்தாள், மடங்கின.

உவைஸ் கிட்டே வந்து நின்றான். "பழக்கம் உட்டுப் போச்சு. நாலு நாள் வாசிச்சா வந்துரும்" என்றான். அவன் குரலிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தோட்டக்காரங்க தினம் ஃபேக்டரி கேட்டுக்கு வந்து நிக்கறாங்க. எல்லாம் அத்தா காலத்துலருந்து நமக்கு இலை போடறவங்க. அவங்களுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. இலையை வாங்கிக்கறேன், வெலை கேக்காதீங்கன்னு சொல்லிட்டிருந்தேன். இனி அதுவும் முடியாது. அந்தச் சனங்களுக்கு இது ஒண்ணாவது நம்ம ஊட்டுலருந்து பண்ணுனதா இருக்கட்டும்க்கா."

அவள் சரி என்றாள். வேறு எதைச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது போலிருந்தது.

மெதுவாகப் போகும் உருப்படிகளாக எடுத்துக்கொண்டாள். கடைசிக்கு மட்டும், பள்ளி நாட்களில் அவள் வாசித்துப் பரிசு வாங்கிய சொனாட்டாவின் நடுப்பகுதி வேண்டும் என்று மெட்டில்டா கேட்டாள். அதுவும் மெதுவானதுதான். ஆனால் பாதியில் வலது கை தனியாக மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு படிப்படியாக இறங்கி வரும். அந்த ஏற்றத்தில் பாதியை இடது கைக்கு மாற்றினாள். பள்ளிக்கூடத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கோயமுத்தூரிலிருந்து ஆளை வரவழைத்தார்கள். தினமும் அங்கே போய்ப் பழகினாள். பல தடவை சரியாக வந்தது. வராத தடவைகளில் மெட்டில்டா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

சனிக்கிழமை பின்மதியம் கச்சேரி. முன் வரிசைகளில் கிளப் மனிதர்கள், எஸ்டேட் முதலாளிகள், ஊட்டியிலிருந்து வந்த ஓர் அதிகாரி, அவர் மனைவி. பின்னால் பெஞ்சுகளில் படுகர் ஊர்களிலிருந்து வந்த தோட்டக்காரர்கள், பெண்கள் வெள்ளைச் சீலையும் போர்வையுமாக. ஓரத்தில் மூடிய எஸ்டேட்டிலிருந்து மெட்டில்டா கூட்டிவந்திருந்த குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் பியானோவைக் கண்ணால் பார்ப்பதே முதல் தடவை. ஷௌகத் அலி தொப்பியும் கோட்டும் போட்டு முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் ஐரோப்பாவில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறாள். அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

முதல் இரண்டும் நன்றாகவே போயின. கைதட்டல் அடங்கியதும் அவள் சொனாட்டாவை ஆரம்பித்தாள். ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. வெளியே மூடுபனி ஜன்னலோடு ஒட்டி நின்றது. ஏற்றம் வந்தது. இடது கை தன் பங்கை முடித்து வலது கையிடம் கொடுத்தது. உச்சியைத் தொட வேண்டிய இரண்டு விரல்களும் மடங்கின. விரல் முட்டிகள் கட்டைகளில் இடித்து நாலைந்து சுரங்கள் கலந்து கேட்டன. இடது கை கொஞ்ச தூரம் தனியாகப் போயிற்று. பிறகு அதுவும் நின்றது. ஆபிதா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின் வரிசையில் யாரோ கைதட்டினார். முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். பிறகு ஹால் முழுவதும் தட்டியது. தோட்டக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முன் வரிசையில் விஷயம் தெரிந்த சிலர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவர்களும் தட்டினார்கள். ஒரு கிளப் பெண்மணி மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டில்டா பூங்கொத்தோடு மேடை ஓரத்தில் நின்றவள் அசையவில்லை.

ஆபிதா எழுந்து நிற்க வேண்டியிருந்தது. எழுந்தாள். குனிந்து வணங்கினாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் மேடையில் செய்ததில்லை. தோட்டக்காரர் சங்கத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, இவ்வளவு இனிமையான இசையை நம் மலை கேட்டதில்லை என்று பேசினார். அதிகாரியின் மனைவி சால்வை போர்த்தினார்.

திரும்பும்போது உவைஸ் வண்டியை ஓட்டினான். பின்னால் ஆபிதாவும் அப்பாவும். வண்டி பெட்ஃபோர்டு முக்கைத் தாண்டியது.

"அது முடியலியேம்மா" என்றார் ஷௌகத் அலி.

"இல்லீங்கத்தா. முடியல."

"அதுக்கப்புறம் எறங்கி வருமே ஒண்ணு. நீ சின்னதுல வாசிக்கறப்ப அந்த எடம் வந்தா உங்கம்மா அடுப்பை உட்டுட்டு வந்து கதவுகிட்ட நிப்பா."

"ஆமாங்கத்தா."

"கையி வலிக்குதா?"

"வலிக்கலீங்கத்தா. வலியே இல்ல."

"வலிச்சாத் தேவலையே. வலின்னா ஒரு மருந்து இருக்கும்."

அவர் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். விரல்கள் சொன்னபடி நேராகக் கிடந்தன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு வரும்வரை நீவிக்கொண்டே வந்தார். உவைஸ் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

இனி இலை வாங்குவதில்லை என்று அடுத்த வாரம் உவைஸ் ஃபேக்டரி கேட்டில் எழுதி ஒட்டினான். ஏலத்தில் விற்காத தூள் மூட்டைகள் திரும்பி வந்து கிடங்கில் கூரைவரை அடைந்திருந்தன. ஃபேக்டரி அடுப்புக்கு விறகு சப்ளை செய்கிறவரும் நிறுத்திவிட்டார். ஆபிதா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு பிக்கப் வண்டி நின்றது. கட்டிய சாக்குகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நஞ்சப்பன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்த் தோட்டக்காரர். ஷௌகத் அலி வயதுதான்.

"எழுதி ஒட்டியிருக்கறதைப் பாத்தீங்களாங்க?" என்றான் உவைஸ்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா எறக்குனீங்க? இதை வெச்சு நான் என்னங்க பண்றது?"

"பறிக்காம எப்பிடி உடறது தம்பி? உட்டா மரமாப் போயிரும். அப்புறம் வெட்டி உட்டு, அது மறுபடி தளுத்து வர வருஷக் கணக்காகும். பறிச்சா எங்க கொண்டுபோறது? பழக்கத்துல இங்க கொண்டாந்துட்டேன்."

"என்னால எடுக்க முடியாதுங்க."

"தெரியும். நீ என்ன பண்ணுவே. உன்னையச் சொல்லல."

சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. உவைஸும் உள்ளே போகவில்லை.  ஆபிதா சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு ஒரு சாக்கைத் தொட்டாள். சுட்டது. கட்டிவைத்த பச்சை இலை உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

"கெட்டுப் போகுதுங்களே" என்றாள்.

"போகுந்தான். பிரிச்சு விரிச்சுப் போட்டாக் கொஞ்சம் தாங்கும்" என்றார் நஞ்சப்பன்.

தாங்கி என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. உவைஸ் கேட்டைத் திறந்தான். மூன்று பேருமாகச் சாக்குகளை உள்ளே இழுத்துப்போய், இலையை வாட்டும் நீளத் தொட்டிகளில் கொட்டிப் பரப்பினார்கள். வேலைக்காரர்களை முந்தின நாளே அனுப்பியாகிவிட்டது. மின்விசிறிகள் ஓடவில்லை. இலையின் சூட்டில் மூக்கை அடைக்கும் பச்சை வாடை எழுந்தது. ஆபிதா கை முழுவதையும் உள்ளே விட்டு உதறி உதறி விரித்தாள்.

"அன்னிக்கு எங்க ஊருச் சனமெல்லாம் வந்திருந்தோமுங்க" என்றார் நஞ்சப்பன். "நல்லா இருந்துச்சு. கடைசியில மட்டும் வெடுக்குன்னு நிறுத்திட்டீங்க. அதுக்கு மேல போனா அழுகை வந்துரும்னு நிறுத்திட்டாங்கன்னு எம் பொண்டாட்டி சொன்னா."

"நிறுத்தலீங்க. கை நின்னு போச்சு."

அவர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். இலைச் சாறு படிந்து பச்சையாக இருந்தது.

"இப்ப நல்லாத்தான் இருக்குதுங்களே?"

"இதுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவர் தெரிந்த மாதிரி தலையசைத்துவிட்டு அடுத்த சாக்கைப் பிரித்தார். இரண்டு நாளில் அந்த இலை முழுவதும் சிவந்து கறுத்தது. உவைஸே வாரிக்கொண்டுபோய் ஃபேக்டரிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் கொட்டினான்.

மழை விட்டதும் ஃபேக்டரியின் இயந்திரங்களை அசாம் பக்கத்து ஆட்களுக்கு விற்றார்கள். கட்டடத்தை வாங்க ஆள் வரவில்லை. உவைஸ் அப்பாவின் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தான். அங்கே இரண்டு பேருக்கு வேலை இல்லை. அப்பா எழுந்துபோனால் அவன் உட்காருவான், அவன் எழுந்தால் அப்பா உட்காருவார்.

ஆபிதா கோயமுத்தூருக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தாள். அவரும் லண்டன்காரர் சொன்னதையே சொன்னார். விரல்களை நேராகப் பிடித்து வைக்க பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை செய்து கொடுத்தார்கள். தினம் காலையில் அதைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து, குழந்தைகள் வாசிக்கும் பாடங்களை வாசித்தாள். ஒரு விரல், பிறகு அடுத்த விரல். சில நாள் கொஞ்சம் வந்தது போலிருக்கும். அடுத்த நாள் அது இருக்காது. பட்டையைக் கழற்றினால் எதுவுமே இருக்காது.

ஷௌகத் அலி பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார். சத்தம் பாதியில் நிற்கும்போதெல்லாம், "அஃப்ரீன், டீ இருந்தாக் குடும்மா" என்று குரல் கொடுப்பார். தான் அதைக் கவனிக்கவில்லை என்று மகள் நினைக்கட்டும் என்பதற்காக. அஃப்ரீனும் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரே காலையில் பல முறை கொண்டுபோக வேண்டியிருந்தது. குடிக்காத டம்ளர்கள் ஜன்னல் திண்டில் ஆறிக் கிடக்கும். "இவ்வளவு டீ உடம்புக்கு ஆகாதுங்க மாமா" என்று அவள் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "வேற என்னம்மா கேக்கறது நானு?" என்றார் அவர்.

வசந்த காலத்துக் கச்சேரிகளுக்குத் தேதி குறிக்க வேண்டும், முடிவு சொல் என்று மார்கரெட்டிடமிருந்து செய்தி வந்தது. வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டு இணைப்பு இல்லை. பஜாரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு உவைஸ் ஜீப்பில் கூட்டிப்போனான். தூறிக்கொண்டிருந்தது. ஆபிதா கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் ஜீப்பிலேயே இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கரெட் முதலில் உடம்பை விசாரித்தாள். அங்கே பனி கொட்டுவதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"முடியாது மார்கரெட்" என்றாள் ஆபிதா. அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். "இந்த வருஷமும் முடியாது. அடுத்த வருஷத்துக்கும் என் பெயரைப் போடாதே."

"அதற்குப் பிறகு?"

ஆபிதா ரிசீவரை வலது கையில் பிடித்திருந்தாள். பிடி உறுதியாக இருந்தது. "தெரியவில்லை" என்றாள்.

 உன் இடத்தில் யாரைப் போடலாம் என்று நீயே ஒரு பெயர் சொல்லேன் என்று மார்கரெட் கேட்டாள், தயங்கித் தயங்கி. ஆபிதா போலந்துக்காரப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். நன்றாக வாசிப்பாள், அவளுக்கு இது உதவியாக இருக்கும் என்றாள். மார்கரெட் எழுதிக்கொள்ளும் வரை காத்திருந்து எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

உவைஸ் உள்ளேயிருந்தே கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்துத் தூறலைத் துடைத்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

 அவன் வண்டியைக் கிளப்பினான். மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரி ஒன்று எதிரே திரும்ப இடமில்லாமல் நின்றது. அது பின்வாங்கும்வரை இரண்டு பேரும் கண்ணாடியில் வைப்பர் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.